எவர் வாங்கித் தந்த பயணச்சீட்டு?

சென்ற வருடம் மூன்று வார விடுப்பில் அமெரிக்காவுக்குச் சென்று அண்ணனைப் பார்த்து வந்தேன். கட்டுநாயக்காவிலிருந்து டோஹா, சிக்காகோ வழியாக ஓகையோ மாநிலத்தின் தலைநகராகிய கொலம்பஸ்வரை போய்வருவதற்குரிய அந்தச் சீட்டைப் பணங்கொடுத்து வாங்குவதென்றால், என் சம்பளத்தில் ஏறக்குறைய அரை வருடத்தை அப்படியே ஒதுக்கிவைக்க வேண்டும். சீட்டின் அடியிலே குறிக்கப்பட்டிருந்த தொகையோ அறுபது டொலருக்குச் சற்றுக் கூடவாயிருந்தது. அதுவும் வரியும் விமான நிலையக் கட்டணமுமாம். மிகுதியைக் கட்டியவர் எவர் என்று ரெலிபோனிற் கேட்டேன்.

“புள்ளியிலை எடுத்தனான்” என்றார் அண்ணன்.

எங்கள் தொழிலிலே புள்ளி என்றால் பரீட்சைப் புள்ளி. அதை நாங்கள் சிவப்பு மையினாலே போடுவோம். பிள்ளை அழுதாலும் சிரித்தாலும் அதற்குச் சந்தையில் விலை கிடையாது. அண்ணன் சொன்ன புள்ளி வேறு. கடனட்டையாற் பொருள் வாங்குவோருக்கு, செலவழித்த தொகைக்கேற்ப வங்கி எழுதிவைக்கும் வெகுமதி அது. சேர்த்து வைத்தால் விமானச் சீட்டாகவும், ஹோட்டல் அறையாகவும், சில வேளைகளில் ரொக்கமாகவும் மாறும். அண்ணன் அவ்வளவு செலவாளியல்லர். பழைய காற்சட்டையைத் தைத்துப் போடுகிற மனிதர். அப்படியிருக்க இத்தனை புள்ளி எங்ஙனம் சேர்ந்தது என்பதை ஒரு சனிக்கிழமை அவரோடு கூடச் சென்றபோதுதான் கண்டேன்.

அன்று காலை ஒரு பேரங்காடியில் அண்ணன் ஐந்நூறு டொலர் பெறுமதியுள்ள பரிசட்டைகள் இரண்டைத் தம் கடனட்டையால் வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் 5.95 டொலர் கட்டணம். பிறகு காரிலே ஏழெட்டு மைல் ஓடி, காசுக்கட்டளை விற்கும் வேறொரு பெருங் கடைக்குப் போனோம். அங்கே கடனட்டைக்குக் காசுக்கட்டளை தரமாட்டார்கள். காசு வேண்டும், அல்லது இரகசிய இலக்கமுள்ள பற்று அட்டை வேண்டும். பரிசட்டையோ இரகசிய இலக்கம் அழுத்தினாற் பற்று அட்டை போலவே நடந்துகொள்ளும். ஆகவே இரண்டு அட்டைகளையும் உரைத்து 999 டொலருக்கு ஒரு காசுக்கட்டளையும், அதற்குரிய ஒரு டொலர் கட்டணமும். அந்தக் காசுக்கட்டளையை வங்கியிலே தம் கணக்கில் இட்டு, அக்கணக்கிலிருந்தே கடனட்டைக் கடனைத் தீர்த்துவிடுவார். வாங்கிய பண்டம் ஒன்றுமில்லை. ஆயினும் வங்கியின் ஏட்டில் அண்ணன் 1,011.90 டொலர் செலவழித்த மனிதர். நூற்றுக்கு இரண்டு வீதமென்றால் 20.24 டொலர் பெறுமதியான புள்ளி. செலவு 12.90. மிச்சம் 7.34. சில கடனட்டைகள் பலசரக்குக் கடைச் செலவுக்கு நூற்றுக்கு ஐந்து, ஆறு என்றுங் கொடுக்கும். ஐந்தென்றால் அதே வேலைக்கு 37.70 டொலர் மிஞ்சும்.

இதற்கு அந்நாட்டில் ஒரு பெயரும் உண்டு. செலவை உற்பத்தி செய்தல் என்று தமிழிற் சொல்லலாம். துணியை உற்பத்தி செய்யலாம், தேயிலையை உற்பத்தி செய்யலாம்; செலவை உற்பத்தி செய்கின்ற காலத்துக்கு முதலாளித்துவம் வந்துவிட்டது. சங்க இலக்கியம் படித்த எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பழந்தமிழில் செலவு என்றாற் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியின் முகத்தைக் கண்டு பயணத்தைத் தள்ளிப்போடுவதைச் செலவழுங்கல் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அண்ணனோ பொய்ச் செலவைக் கொண்டு மெய்ச் செலவை உண்டாக்குகிறார். வகுப்பிலே இதை உதாரணமாகச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

காசுக்கட்டளை வரிசையில் எங்களுக்குப் பின்னால் கறுப்பின மூதாட்டி ஒருவர் நின்றார். கையில் மடித்த நோட்டுகள். வாடகைக்குக் காசுக்கட்டளை எடுக்க வந்தவர் என்பது அவர் பக்கத்தில் நின்ற பெண்ணோடு பேசியதிலிருந்து தெரிந்தது. எங்கள் முதலாவது அட்டையை இயந்திரம் ஏற்கவில்லை. காசாளர் பெண் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். அவர் வந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது பரிசட்டையல்லவா, இந்தக் கடையில் இதை ஏற்கலாமா என்று இன்னொருவரைக் கேட்கப் போனார். அண்ணன் அமைதியாக, பழகிய மனிதராக நின்றார். மூதாட்டி வாசலையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பதினைந்து நிமிடத்தின் பின் எங்கள் காரியம் முடிந்தது. அவருடையது ஒரு நிமிடத்தில் முடிந்தது. நாங்கள் காரில் ஏறுகையில் பஸ் தரிப்பிடத்தை விட்டு வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. அவர் கையை உயர்த்திக்கொண்டு இரண்டு மூன்று அடி வேகமாக நடந்து, பிறகு நின்றுவிட்டார். அவ்வழியே பஸ் அரைமணிக்கொருமுறைதான் வருமென்று அண்ணனே முன்னர் சொல்லியிருந்தார். காரை நிறுத்தச் சொல்லலாமென்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

இந்த வித்தையில் முதலாவது தகுதி அறிவன்று, இருப்பிடம் என்று அண்ணன் சொல்வார். அது உண்மைதான். பரிசட்டையைக் கடனட்டைக்கு விற்கும் கடை அருகே இருக்க வேண்டும். அதை ஏற்றுக் காசுக்கட்டளை தருங் கடை இன்னொன்று இருக்க வேண்டும். அதைத் தயங்காது வாங்கும் வங்கிக்கிளை ஒன்று வேண்டும். மூன்றையும் இணைக்கக் கார் வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரு கிளைகளில் ஒன்று ஏற்கும், மற்றொன்று மறுக்கும். நகரின் கிழக்குப் பகுதியிலே நாங்கள் போன ஒரு கடையில் பரிசட்டைத் தட்டின்மேல், ‘ரொக்கத்துக்கு மாத்திரம்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. புறநகரில், அண்ணன் வீட்டுப் பக்கத்தில், அப்படி ஓர் அறிவிப்பை நான் காணவில்லை.

இருப்பிடம் ஒருமுறை மாத்திரம் பொருட்டில்லாமற் போயிற்று. 2008 இல் அமெரிக்க அரச நாணயசாலை ஒரு டொலர் நாணயங்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவரும் நோக்கத்துடன், 250 நாணயங் கொண்ட பெட்டிகளை முகப்பெறுமதிக்கே விற்று, அனுப்பும் கூலியையும் தானே ஏற்றுக்கொண்டது. புள்ளி சேர்ப்போர் கடனட்டையாற் பெட்டிபெட்டியாக வரவழைத்து, பிரிக்காமலே வங்கியிற் கொண்டுபோய்ப் போட்டார்கள். எந்த மூலையில் இருந்தாலும் தபால் வண்டி வாசலுக்கு வந்தது. செலவு பொதுப் பணம். 2011 யூலையில் நாணயசாலை கடனட்டையை ஏற்பதை நிறுத்தும்வரை இது நடந்தது.

இன்னொரு கதையையும் இக்கூட்டத்தார் புராணம் போலச் சொல்வர். 1999 இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த டேவிட் பிலிப்ஸ் என்ற பொறியியலாளர், விமான மைல்கள் பரிசாகத் தரும் உணவு நிறுவனமொன்றின் புடிங் கிண்ணங்கள் தம் பகுதியின் மலிவுக் கடைகளில் இருபத்தைந்து சதத்துக்கு விற்கப்படுவதைக் கண்டு 12,150 கிண்ணங்களை வாங்கினார். ஏறக்குறைய 3,140 டொலர் செலவு. பன்னிரண்டரை இலட்சம் மைல் வரவு. அத்தனை சீட்டுகளையும் உரிப்பதற்கு ஒருவரால் முடியாதல்லவா? புடிங்கை இரட்சணிய சேனைக்குத் தானமாகக் கொடுத்து, அங்கிருந்தோரைக் கொண்டு சீட்டுகளை உரிப்பித்தார். கதை சொல்வோர் அவருடைய சாமர்த்தியத்தைப் புகழ்வர். உரித்த கைகளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

அண்ணன் கொலம்பசுக்கு வருமுன் நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஒரு நிலவறை வாடகைக்கு எடுத்து இருந்தார். பிளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு நடந்துபோகக்கூடிய தூரம். புள்ளி வித்தையை அங்கேதான் ஒரு சக ஊழியரிடம் கேட்டறிந்தார்; ஆயினுஞ் செய்ய முடியவில்லை. கார் இல்லை, அதைவிட முக்கியமாக, காசுக்கட்டளைக்கு இவ்வித்தைக்காரர் வழமையாக நாடும் வோல்மார்ட் அங்காடி நியூயோர்க் மாநகரின் ஐந்து பகுதிகளிலும் ஒன்றுதானும் இல்லை. இன்றும் இல்லை. தன் ஊழியர் தொழிற்சங்கம் அமைப்பதை அந்நிறுவனம் எவ்வளவு தூரம் எதிர்த்து வந்ததென்பது உலகறிந்தது. 2005 இல் குவீன்சின் றேகோ பார்க்கில் இடம்பிடிக்க முயன்றபோதும், பின்னர் புரூக்ளினின் கிழக்கே முயன்று 2012 இல் அந்த இடம் வேறொரு பலசரக்கு நிறுவனத்துக்குப் போனபோதும், தொழிற்சங்கங்களும் சிறு கடைக்காரரும் நகரசபை உறுப்பினர் பலரும் எதிர்த்து நின்றனர். அண்ணன் இதைச் சொன்னபோது சிரித்தார். “உன்ரை தோழர்மார் என்ரை புள்ளியிலை மண்ணைப் போட்டிட்டினம்” என்றார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சரி, இந்தப் புள்ளிக்குக் காசு எங்கிருந்து வருகிறது? வங்கியின் தாராள மனத்திலிருந்தன்று. அட்டையை ஏற்கும் ஒவ்வொரு கடைக்காரனும் விற்பனையில் ஒரு வீதத்தை அட்டை வழங்கிய வங்கிக்கு இடைமாற்றுக் கட்டணமாகக் கொடுக்கிறான். அவன் அதைப் பாணின் விலையிலும் பாலின் விலையிலும் ஏற்றிவைக்கிறான். அட்டைக்காரனும் காசுக்காரனும் அதே விலையைக் கொடுக்கிறார்கள்; ஒருவனுக்குப் புள்ளி திரும்பி வருகிறது, மற்றவனுக்கு ஒன்றுமில்லை. 2010 இல் பொஸ்ரன் மத்திய ஒதுக்கு வங்கியின் ஆய்வாளர் மூவர் இதைக் கணக்கிட்டனர். காசு கொடுத்து வாங்கும் குடும்பமொன்று ஆண்டுக்குச் சராசரி 149 டொலரை அட்டைக்காரர் பக்கம் தள்ளுகிறது. அட்டைக் குடும்பமொன்று சராசரி 1,133 டொலரைப் பெறுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. 2023 இல் மத்திய ஒதுக்குச் சபையின் ஆய்வு வரிசையில் வந்த இன்னொரு கட்டுரை அட்டைக்காரருக்குள்ளேயே இருக்கும் பிளவைப் பார்த்தது. கடனை முழுதாய்க் கட்டமுடியாது வட்டி கொடுப்போரிடமிருந்து, முழுதாய்க் கட்டிப் புள்ளி எடுப்போருக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,500 கோடி டொலர் போய்ச் சேருகிறதாம். வறியோரிடமிருந்து செல்வருக்கு, குறைந்த கல்வியுடையோரிடமிருந்து கூடியோருக்கு, சிறுபான்மையினர் செறிந்த பகுதிகளிலிருந்து அவர்கள் குறைந்த பகுதிகளுக்கு. அந்தக் கடைசி வாக்கியத்தை வாசித்தபோது எனக்குக் கொலம்பசின் கிழக்குப் பகுதி கண்முன் வந்தது.

1930களில் வீட்டுரிமையாளர் கடன் கழகம் என்ற அரச நிறுவனம் இருநூறுக்கு மேற்பட்ட அமெரிக்க நகரங்களுக்கு நிறந்தீட்டிய படங்கள் வரைந்தது. கடன் கொடுக்க ஆபத்தான இடம் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் பெரும்பாலும் சிவப்பினுள் வீழ்ந்தன. கொலம்பஸ் நகருக்கும் அப்படி ஒரு படம் உண்டு. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் நிறபேதம் பார்ப்பதை 1968 இன் சட்டம் தடைசெய்தது. ஆனால் வீடு வாங்கக் கடன் கிடையாதவனின் பேரனுக்குப் பாட்டனின் வீடு கிடையாது; வீடில்லாதவனுக்குச் சேமிப்பு மெலிவு; சேமிப்பு மெலிந்தவன் ஒரு மாதம் தவணை தவறுவான்; தவறியவனுக்குப் புள்ளி தரும் அட்டை கிடையாது. நாங்கள் அந்தப் பகுதியால் வந்தபோது கண்ட கடைகளுள் ஒன்று காசோலையை மாற்றிக் கொடுக்கும் கடை. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளைஞன் இருந்தான்.

இது எந்நாட்டிலும் இப்படித்தான் என்று கொள்ளவும் வேண்டாம். அவுஸ்திரேலியாவில் 2003 முதலே மத்திய வங்கி இக்கட்டணத்தைக் குறைக்கத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் நிறைவேற்றிய சட்டத்தால் சாதாரண நுகர்வோரின் கடனட்டைக்கு நூற்றுக்கு 0.3 வீதமும் பற்று அட்டைக்கு 0.2 வீதமுமே அறவிடலாம் என்று வரம்பிட்டது. பாரிசில் இருக்கும் எங்கள் சித்தியின் மகன், அண்ணனைப் பார்த்துத் தானும் முயல எண்ணிக் கணக்குப் போட்டுவிட்டுக் கைவிட்டான். வங்கிக்கே 0.3 வீதந்தான் என்றால் அவனுக்கு எதைக் கொடுக்கும்? அமெரிக்கக் காங்கிரசும் 2010 இல் ஒரு வரம்பு விதித்தது; பற்று அட்டைக்கு மாத்திரம், அதுவும் ஆயிரங் கோடி டொலருக்கு மேற்பட்ட சொத்துள்ள வங்கிகளுக்கு மாத்திரம். கடனட்டையைத் தொடவில்லை. ஆகவே ஒரே தாய் வயிற்றுச் சகோதரிகளின் பிள்ளைகளுள் ஒருவருக்கு விமானச் சீட்டு, மற்றவனுக்கு வெறுங்கை. இதிலே திறமைக்கு எங்கே இடம்?

இந்த வித்தை சட்டவிரோதமன்று. பரிசட்டையுங் காசுக்கட்டளையும் வாங்கி இரண்டு வருடத்தில் மூன்று இலட்சம் டொலருக்கு மேல் வெகுமதி எடுத்த ஒரு தம்பதியின் வழக்கு அமெரிக்க வரி நீதிமன்றத்துக்குப் போய், 2021 இல் தீர்ப்பாயிற்று. பரிசட்டை வாங்கியதற்குக் கிடைத்த வெகுமதிக்கு வரியில்லை. நேரே காசுக்கட்டளை வாங்கியதற்குக் கிடைத்ததற்கு உண்டு என்று நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. ஆயினும் வங்கிகளுக்கு இது பிடிப்பதில்லை. அண்ணனின் நண்பர் ஒருவரின் கணக்கை அவருடைய வங்கி ஒரு கடிதத்தோடு மூடிவிட்டது.

அன்று மாலை சமையலறையில் வைத்துப் பேச்சைத் தொடங்கினேன்.

“அண்ணை, அந்த மனிசி எங்களாலை பஸ்ஸைத் தவறவிட்டிட்டா.”

“கண்டனான்.” வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“அவ குடுக்கிற விலையிலைதான் எங்கடை புள்ளியும் இருக்குது.”

கத்தியை வைத்தார். “நீ எழுதிற ஆள், எழுது. ஆனால் இதையும் சேர்த்து எழுது. நான் வந்த புதிசிலை எனக்குக் கணக்குத் திறக்க ஒரு வங்கியும் விடேல்லை. கிழமைக்கிழமை செக்கைக் கண்ணாடிக் கூட்டுக்குள்ளை நீட்டி நூறுக்கு இரண்டு டொலர் வெட்டக் குடுத்தனான். அந்த இரண்டு டொலர் ஆற்றை ரிக்கற்றாப் போச்செண்டு ஆரும் எனக்குச் சொல்லேல்லை. அப்ப ஒருத்தரும் கட்டுரை எழுதேல்லை. இப்ப எடுக்கிறது என்ரை பழைய காசெண்டு வைச்சுக்கொள்ளன்.”

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தக் கண்ணாடிக் கூட்டைப் பற்றி அவர் வீட்டுக்கு எழுதிய ஒரு கடிதத்திலும் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் அவர் அனுப்பிய காசிலேதான் நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தேன். ஆனாலும் அவருடைய கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. அவரிடம் வெட்டியவன் ஒருவன், இன்று அவருக்காகக் கொடுப்பவர் வேறொருவர். வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே அண்ணனுக்கு ஏதோ தருகிறது; நட்டம் வங்கிக்கு என்றால் நானும் அவரோடு சேர்ந்து கைதட்டுவேன். இதைச் சொன்னேன். “அப்ப நீ திரும்பிப் போகேக்கை நடந்துதான் போகவேணும்” என்றார். அண்ணி சிரித்துவிட்டார், பேச்சு அத்தோடு முறிந்தது.

திரும்பியும் அதே சீட்டிலேதான் வந்தேன்.

இங்கே வந்து பார்க்கும்போது, நாங்களும் இதே பாதையில்தான் மெல்ல ஏறுகிறோம் என்று தோன்றுகிறது. கொழும்பில் இருக்கும் என் பல்கலைக்கழக நண்பன், பேரங்காடியில் எந்த வங்கியின் அட்டைக்கு எந்தக் கிழமை எத்தனை வீதக் கழிவு என்று மனப்பாடமாக வைத்திருக்கிறான். அதே சம்பளம் வாங்கும் நான் கிளிநொச்சிப் பக்கத்துச் சந்தையில் காசைக் கொடுத்து மீனை வாங்குகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வர எவரும் விரும்பாததற்குப் பல காரணங்கள் உண்டு; இதுவும் ஒன்றாகிவிடும் போலும்.

போன மாதம் அண்ணன் பேசினார். நாங்கள் நின்ற அந்தக் கடை இப்போது பரிசட்டையை ஏற்பதில்லையாம். நாற்பது மைல் தள்ளி ஒரு சிறு பட்டணத்தில் ஏற்கிறார்களாம். இப்போது வீடு வாங்கப் பார்க்கிறார். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று அண்ணி கேட்கிறாவாம், காசுக்கட்டளைக் கடை எவ்வளவு தூரம் என்று தான் கேட்பதாகப் பகிடியாகச் சொன்னார். பிறகு குரலை மாற்றி, அம்மாவுக்கு ஒரு சீட்டு எடுக்கக் கணக்குச் சரியாக வந்துவிட்டது, வைகாசியில் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

அம்மா அவரைக் கண்டு பதினேழு வருடமாகிறது. பஸ் தரிப்பிடத்துக் கதையை நான் அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். அவ கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, “தம்பி, கடவுச்சீட்டுக்கு எத்தினை படம் வேணும்?” என்று கேட்டா. வெள்ளிக்கிழமை ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.